சீனர் விருந்து மேசையும் நாடுகளின் நல்லுறவும்



நான் பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். தோட்டத்துக்குள் நுழையும் முச்சந்தியில் ஒரு சீனர் கடை இருந்தது. அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான். என் தந்தையார் அந்தக் கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடன் கணக்கு வைத்திருந்தார். சம்பள நாளன்று தவுக்கே கணக்குப் புத்தகத்தைத் திறப்பார். அப்பா பணத்தை எண்ணி வைப்பார். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு டின் முறுக்கு கடைக்குப் போகும். சீனப் பெருநாளுக்கு அங்கிருந்து ஒரு பை ஆரஞ்சுப் பழம் வரும். இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பிள்ளைகளாகிய நாங்கள்.

நல்ல உறவுதான். ஆனால் அந்த இருபது ஆண்டுகளில் ஒரு நாளாவது தவுக்கே எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டதில்லை. அப்பாவும் அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்ததில்லை. பகை ஒன்றும் கிடையாது. அவர்கள் சாப்பாடு நமக்கு ஒத்துவராது என்று நாங்கள் இருந்துவிட்டோம். இவர்களுக்கு எதைக் கொடுப்பது என்று அவர்களும் தயங்கியிருக்கலாம். முறுக்கும் ஆரஞ்சும் வாசலோடு நின்றுவிட்டன.

ஒரு மேசையில் ஒன்றாக உட்காருவதால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு வரலாறு சொல்லும் விடையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், சீனர்களின் விருந்து முறைகளில் சிலவற்றைத் தெரிந்துகொள்வோம்.

சீனர் வீட்டில் விருந்து என்றால் உணவு மேசையின் நடுவில் இருக்கும். நம்மைப்போல் ஆளுக்கோர் இலையில் அத்தனையும் பரிமாறி வைப்பதில்லை. ஆளுக்கு ஒரு கிண்ணம் சோறு. கறியும் மீனும் கீரையும் எல்லாருக்கும் பொது. வாயிலைப் பார்த்த இருக்கை உயர்ந்த இருக்கை. அது மூத்தவருக்கோ விருந்தாளிக்கோ உரியது. அரசு விருந்துகளில் தலைமை விருந்தினர் விருந்தளிப்பவரின் வலப்பக்கத்தில் அமர்வார். மூத்தவர் குச்சியை எடுக்கும் முன் இளையவர் எடுப்பதில்லை. நல்ல துண்டு எதுவோ, அதை விருந்தளிப்பவர் தம் கையால் எடுத்து விருந்தாளியின் தட்டில் வைப்பார். கோப்பையை உயர்த்தி வாழ்த்தும்போது, தம் கோப்பையின் விளிம்பு மூத்தவரின் கோப்பை விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்குமாறு பிடிப்பார்கள். நம் நாட்டில் சீனர் திருமணங்களில் 'யாம் செங்' என்று நீட்டி முழக்குவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கோப்பையில் மது இல்லாமல் தேநீர் இருந்தாலும் குற்றமில்லை. கோப்பையை உயர்த்துவதுதான் மரியாதை.

நடுவில் சுழலும் தட்டு வைத்த வட்ட மேசையையும் பார்த்திருப்பீர்கள். அதைப்பற்றி நாம் பெருமைப்படக்கூடிய ஒரு செய்தி உண்டு. பினாங்கில் 1879-ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் வூ லியன் தே, 1910-1911-இல் சீனாவின் வடகிழக்கில் பரவிய கொடிய கொள்ளைநோயை அடக்கிய மருத்துவர். எல்லாரும் தம் வாயில் வைத்த குச்சியையே பொதுக் கிண்ணத்தில் விடுவதால் நோய் பரவும் என்று அவர் கண்டார். ஆனால் 'தனித்தனியே சாப்பிடுங்கள்' என்று அவர் சொல்லவில்லை. சுழலும் தட்டு ஒன்றை மேசை நடுவில் வைத்து, ஒவ்வொரு கறிக்கும் ஒரு பொதுக் கரண்டி போடுங்கள் என்று 1915-இல் யோசனை சொன்னார். நோயும் பரவக்கூடாது, சேர்ந்து உண்ணும் வழக்கமும் போகக்கூடாது என்பது அவர் எண்ணம். ஒன்றாக உண்பதைச் சீனர்கள் எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு சான்று.

இந்த முறைகளை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தவறு செய்து தெரிந்துகொண்டேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு சீன நண்பர் என்னைத் தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். பேச்சு மும்முரத்தில் என் குச்சிகள் இரண்டையும் சோற்றுக் கிண்ணத்தின் நடுவே செங்குத்தாகக் குத்தி வைத்துவிட்டேன். மேசை சட்டென்று அமைதியாகிவிட்டது. இறந்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில் ஊதுபத்தி குத்தி வைப்பது அவர்கள் வழக்கம். என் குச்சிகள் அதைப்போல் நின்றன. அது எனக்குத் தெரியாது. நண்பரின் பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து வந்து குச்சிகளை எடுத்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். பிறகு மீனின் நல்ல பகுதியைப் பிய்த்து என் தட்டில் வைத்து, "சாப்பிடு" என்று கையால் காட்டினார். என் முகம் வாடும் முன்பே அதைத் தடுத்துவிட்டார். விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் சொல்வதும் இந்த நுட்பத்தைத்தான் அல்லவா?

இந்த நுட்பம் சீன நாட்டு அரசியலில் மிகப் பழைய காலத்திலேயே இடம்பெற்றது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் சீனா பல நாடுகளாகப் பிரிந்திருந்தது. அவற்றுள் வலிமை மிக்க சின் நாடு, சி என்னும் நாட்டின்மேல் படையெடுக்க எண்ணியது. முதலில் வேவு பார்க்க ஒரு தூதரை அனுப்பியது. சி நாட்டு மன்னர் அவருக்கு விருந்து வைத்தார். பாதி விருந்தில் தூதர் எழுந்து, மன்னர் குடித்த கோப்பையிலேயே தமக்கும் மது வேண்டும் என்று கேட்டார். மன்னரும் கொடுக்கச் சொல்லிவிட்டார். தூதர் குடித்து முடித்ததும், யான் யிங் என்ற அமைச்சர், "இந்தக் கோப்பையை எடுத்துவிட்டு மன்னருக்கு வேறு கோப்பை கொண்டு வாருங்கள்" என்றார். பிறகு தூதர் போதையில் இருப்பவர்போல் நடித்து, பேரரசருக்கு மட்டுமே உரிய இசையை வாசிக்கும்படி கேட்டார். இசை ஆசிரியர், "எனக்கு அது பழக்கமில்லை" என்று பணிவாகச் சொல்லிவிட்டார்.

தூதர் ஊர் திரும்பித் தம் மன்னரிடம் என்ன சொன்னார் தெரியுமா? அந்த மன்னரை இழிவுபடுத்திப் பார்த்தேன், அமைச்சர் கண்டுகொண்டார். முறை தவறிப் பார்த்தேன், இசை ஆசிரியர் கண்டுகொண்டார். இந்த நாட்டை இப்போது வெல்ல முடியாது என்றார். படையெடுப்பு நின்றது. ஒரு கோப்பையை மாற்றியதால் ஒரு போர் தவிர்ந்தது என்று சீனர்கள் இக்கதையை இன்றும் சொல்கிறார்கள். மதுக் கோப்பைக்கும் இறைச்சித் தட்டுக்கும் இடையில் பகைவனின் படையைத் திருப்புவது என்று பொருள்படும் ஒரு மரபுத்தொடரே அவர்கள் மொழியில் உண்டு.

விருந்து எப்போதும் நல்லதற்கே பயன்பட்டது என்று சொல்லிவிட முடியாது. கி.மு. 206-இல் ஹோங்மென் என்ற இடத்தில் சியாங் யூ என்ற படைத்தலைவர் தம் போட்டியாளர் லியூ பாங்குக்கு விருந்து வைத்தார். விருந்தின் நடுவே வாள் நடனம் என்ற பெயரில் லியூ பாங்கைக் கொல்லத் திட்டம். அவர் ஒதுங்கப் போவதுபோல் எழுந்து தப்பிவிட்டார். பின்னர் ஹான் பேரரசை நிறுவினார். வஞ்சகமான அழைப்பை 'ஹோங்மென் விருந்து' என்று சீனர்கள் இன்றும் சொல்வார்கள். மேசை எவ்வளவு அழகாக இருந்தாலும் மனத்தில் கத்தி இருந்தால் உறவு வளராது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலாக்காவை நிறுவிய பரமேசுவரா 1411-இல் தம் மனைவி, மகன், பரிவாரம் என 540 பேருடன் கடல் கடந்து சீனா சென்றார். மிங் பேரரசர் யுங்லோ அவர்களை வரவேற்றுத் தாமே விருந்தளித்தார். அரசிக்குத் தனியிடத்தில் விருந்து நடந்தது. தங்கியிருந்த நாள்களில் அரண்மனையிலிருந்து நாள்தோறும் மாடுகளும் ஆடுகளும் மதுவும் அவர்கள் இருப்பிடத்துக்கு அனுப்பப்பட்டன என்று மிங் வரலாறு குறிக்கிறது. அப்போது மலாக்கா சிறிய, புதிய துறைமுகம். வடக்கே சயாமின் அச்சுறுத்தல் இருந்தது. சீனப் பேரரசரின் மேசையில் உண்டவர் என்ற பெயர் அந்தச் சிறிய நாட்டுக்கு ஒரு பாதுகாப்பாக அமைந்தது. சீனாவுக்கும் தன் கப்பல்கள் தங்கிச் செல்ல ஒரு நட்புத் துறைமுகம் கிடைத்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சமமானவர்களின் விருந்து அன்று. பேரரசர் மேலே, மற்ற மன்னர்கள் கீழே என்ற முறையில் நடந்தது. இரு நாடுகள் சரிசமமாக அமரும் மேசைக்குக் காலம் இன்னும் கனியவில்லை.

அந்த மேசையை நாம் 20-ஆம் நூற்றாண்டில் காண்கிறோம். 1949-க்குப் பிறகு அமெரிக்காவும் மக்கள் சீனமும் பகை நாடுகளாக இருந்தன. கொரியப் போரில் நேருக்கு நேர் மோதின. 1954-இல் ஜெனீவா மாநாட்டில் சீனப் பிரதமர் சூ என்லாய்க்குக் கைகொடுக்க அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் மறுத்தார் என்றும், அது சூ என்லாயின் மனத்தைப் புண்படுத்தியது என்றும் பின்னாளில் அதிபர் நிக்சன் எழுதினார்.

1971 ஜூலையில் நிக்சனின் ஆலோசகர் கிசிஞ்சர் யாருக்கும் தெரியாமல் பாகிஸ்தான் வழியாகப் பெய்ஜிங் சென்றார். இரண்டாம் நாள் பேச்சில் சூ என்லாய் அமெரிக்காவைக் கடுமையாகக் குறைகூறினார். கிசிஞ்சரும் அதே வேகத்தில் பதில் சொல்லத் தொடங்கினார். பேச்சு முறியும் நிலை. அந்நேரத்தில் சூ என்லாய், வாத்து ஆறிவிடும், முதலில் சாப்பிடுவோம் என்று சொல்லி எல்லாரையும் மேசைக்கு அழைத்துச் சென்றார். பெய்ஜிங்கின் புகழ்பெற்ற வறுத்த வாத்து அது. உணவு முடிந்தபோது இருவர் குரலும் தணிந்திருந்தது. பேச்சு தொடர்ந்தது.

மறு ஆண்டு, 1972 பிப்ரவரி 21 அன்று, நிக்சன் பெய்ஜிங்கில் வந்திறங்கினார். இம்முறை அவரே முதலில் கையை நீட்டினார். அன்றிரவு மக்கள் மாமண்டபத்தில் விருந்து. நிக்சனும் அவர் குழுவினரும் புறப்படுமுன்பே குச்சியால் உண்ணப் பழகியிருந்தார்கள். சூ என்லாய் தம் குச்சியால் உணவை எடுத்து நிக்சனின் தட்டில் வைத்தார். சீனப் படை வாத்தியக் குழு அமெரிக்கப் பாடல்களை வாசித்தது. இருவரும் சிறு கோப்பையில் மாவோதை மதுவை ஏந்தி, மேசை மேசையாகச் சென்று வாழ்த்தினார்கள். துணைக்கோள் வழியாக அமெரிக்க மக்கள் தங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் இதை அந்நேரமே பார்த்தார்கள். இருபது ஆண்டுகளாகப் பகைவர் என்று சொல்லப்பட்டவர்கள் தங்கள் அதிபருக்குச் சோறு பரிமாறுவதைக் கண்டார்கள். ஆயிரம் அறிக்கைகள் செய்யாததை அந்தக் காட்சி செய்தது எனலாம். அதன்பின் அமெரிக்காவின் சீன உணவகங்களில் வறுத்த வாத்து கேட்டுக் கூட்டம் கூடியது.

சூ என்லாய் விருந்துக்கு முன் சமையலறைக்குச் சென்று ஒரு கிண்ணம் மீ சாப்பிட்டுவிடுவாராம். தம் பசி தீர்ந்துவிட்டால், மேசையில் விருந்தாளியை மட்டும் கவனிக்கலாம் என்பதற்காக. அவருக்குச் சமைத்தவர்கள் இப்படிச் சொல்வதுண்டு. அரசு விருந்தில் நான்கு கறியும் ஒரு சூப்பும் போதும் என்ற சிக்கன முறையை வகுத்தவரும் அவரே. விருந்தின் பெருமை தட்டுகளின் எண்ணிக்கையில் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

நேயர்களே, நம் நாட்டின் கதை இன்னும் நெருக்கமானது. அதில் நம் பால்மரமும் உண்டு. 1951-இல், கொரியப் போரின்போது, போர்ப் பொருள்களைச் சீனாவுக்கு விற்கக்கூடாது என்று ஐக்கிய நாட்டுச் சபை தீர்மானித்தது. ரப்பரும் அந்தத் தடைக்குள் வந்தது. அதே காலத்தில் நம் காடுகளில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி நடந்தது. ஊரடங்கும் முள்வேலியும் நம் பாட்டன் பாட்டிமார் அனுபவித்தவை. சீனா என்றாலே அச்சம் என்ற நிலை.

1971 மே மாதம் தெங்கு ரசாலி தலைமையில் ஒரு வணிகக் குழு பெய்ஜிங் சென்றது. நம் ரப்பரை நேரடியாக வாங்கச் சீனா இசைந்தது. அதே ஆண்டு நம் மேசைப்பந்து வீரர்களும் போட்டிக்குப் போய் வந்தனர். பின்னர் மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. 1974 மே 28-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பெய்ஜிங் சென்றார். மா சே துங்கையும் சூ என்லாயையும் சந்தித்தார். மே 31-இல் துன் ரசாக்கும் சூ என்லாயும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். ஆசியான் நாடுகளில் சீனாவுடன் தூதரக உறவு கொண்ட முதல் நாடு மலேசியா.

அந்த அறிக்கையில் நம் அண்டை வீட்டாரைப் பற்றிய ஒரு வரியும் உண்டு. தாமே விரும்பி மலேசியக் குடியுரிமை பெற்ற சீன வம்சாவளியினர் சீனக் குடியுரிமையை இழந்தவர்கள் ஆவர் என்று சீன அரசே ஏற்றுக்கொண்டது. 'இவர்கள் எந்த நாட்டுக்கு உரியவர்கள்?' என்ற சந்தேகத்துக்கு அது விடை. அந்தத் தவுக்கேயும் என் தந்தையாரும் ஒரே நாட்டின் குடிமக்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சொல் வேறு இல்லை.

கையெழுத்திட்ட போது சூ என்லாய் கடும் நோயாளி. மறுநாளே அவர் மருத்துவமனையில் சேர்ந்தார். 1976 ஜனவரி 8-இல் அவர் காலமானார். ஆறே நாள்களில், ஜனவரி 14-இல், துன் ரசாக்கும் மறைந்தார். அவர்கள் ஏற்படுத்திய உறவு அவர்களுக்குப் பின்னும் நின்றது.

விருந்தால் எல்லாச் சிக்கலும் ஓரிரவில் தீர்ந்துவிட்டதா? இல்லை. அமெரிக்காவும் சீனாவும் முழுத் தூதரக உறவு கொள்ள 1979 ஜனவரி வரை ஏழு ஆண்டுகள் ஆயின. நம் நாட்டில் கம்யூனிஸ்டுக் கட்சியுடன் ஹட்யாய் நகரில் சமாதானம் கையெழுத்தானது 1989 டிசம்பர் 2-இல்தான். கையெழுத்துக்கு வாதமும் வேண்டும், விட்டுக்கொடுத்தலும் வேண்டும், காலமும் வேண்டும். விருந்து மேசை செய்வது ஒன்று: எந்தத் தரப்பும் மானம் இழக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஓர் இடம் தருகிறது. விருந்தளிப்பவர் தம் கையால் பரிமாறித் தம்மைத் தாழ்த்திக்கொள்கிறார். விருந்தாளி குச்சியைப் பிடிக்கப் பழகித் தம்மைத் தாழ்த்திக்கொள்கிறார். இருவரும் ஒரே அளவு இறங்கி வருவதால் யாரும் தோற்பதில்லை. 1979-இல் அமெரிக்கா சென்ற சீனத் தலைவர் தெங் சியாவ்பிங், டெக்சஸ் மாநிலத்தில் அவர்கள் ஊர் மாட்டுக்காரர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். நிக்சன் பிடித்த குச்சிக்கு அது மறுமொய் எனலாம்.

நம் நிலைக்கு வருவோம். நம் நாட்டில் ஒருவர் பன்றி உண்ணார், ஒருவர் மாடு உண்ணார், ஒருவர் சைவம். இது சேர்ந்து உண்பதற்குத் தடையா? என் நண்பரின் பாட்டி அன்று மாட்டிறைச்சியை மேசைக்கே கொண்டுவரவில்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை. கோப்பையில் எனக்குத் தேநீர்தான் ஊற்றினார். நம் நெறியை விடாமலே மற்றவர் மேசையில் அமரலாம். ஒரு பழத்தையும் ஒரு கோப்பைத் தேநீரையும் ஏற்றுக்கொண்டாலே போதும். இதைச் சொல்லிக்கொடுத்தால் நம் பிள்ளைகள் பயமின்றிப் போவார்கள். அவர்களும் தயக்கமின்றி நம் இலைக்கு வருவார்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் குச்சி பிடிக்கக் கற்றுத்தருகிறேன். அதைச் சோற்றில் குத்தக்கூடாது என்பதையும் சேர்த்து.

நான் படிப்பை முடிக்கும் முன்பே எங்கள் தோட்டம் விற்கப்பட்டது. லயங்கள் போயின. தவுக்கே கடையை மூடிவிட்டு எந்த ஊருக்குப் போனாரோ தெரியாது. கடைசி நாள் அப்பா பாக்கிக் கணக்கை முடிக்கப் போனார். நானும் கூடப் போனேன். தவுக்கே புத்தகத்தை மூடினார். இருவரும் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள். உள்ளே அவர் வீட்டு வட்ட மேசை தெரிந்தது. அப்பா அதைப் பார்த்தார். பிறகு கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டார்.

பேரரசர்களும் அதிபர்களும் கடல் கடந்து சென்று ஒரு மேசையில் அமர்ந்தார்கள். நமக்குப் பத்தடி தூரம்தான் இருந்தது. அடுத்த வீட்டார் அழைத்தால் போங்கள், நீங்களும் அழையுங்கள்.